55, 90, 125: எந்த டெசிபல் காதைக் கெடுக்கும்?

தீபாவளி முடிந்ததும் சென்னை நாளிதழ்களில் தவறாமல் ஒரு செய்தி வரும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பெசன்ட் நகர், தியாகராய நகர், நுங்கம்பாக்கம், திருவல்லிக்கேணி, சவுகார்பேட்டை போன்ற இடங்களில் ஒலி அளவை எடுத்திருக்கும். அனுமதிக்கப்பட்டது 55 டெசிபல், பதிவானது அதற்கு மேல், வரம்பு மீறல் என்று தலைப்பு இருக்கும். பட்டாசுக்கு 125 டெசிபல் வரை அனுமதி உண்டு என்ற வரியும் அதே செய்தியில் எங்காவது இருக்கும். தொழிற்சாலைத் தொழிலாளிக்கோ விதிகள் 90 டெசிபல் வரை விட்டுவைத்திருக்கின்றன.

55-ஐத் தாண்டினால் மீறல், 90-இல் எட்டு மணி நேரம் நின்றால் மீறலில்லை, 125-க்கு விற்பனை அனுமதி. படிப்பவர் குழம்பாமல் என்ன செய்வார்?

மூன்று எண்களும் சரியானவைதான். ஆனால் மூன்றும் வெவ்வேறு வேலைக்காக வைக்கப்பட்டவை. காது கெடுவதைப் பற்றிப் பேசுவது அவற்றில் ஒன்றுதான், அதுவும் பழைய கணக்கு. இதைப் புரிந்துகொள்ள டெசிபலிலிருந்து தொடங்க வேண்டும்.

டெசிபல் நேர்க்கணக்கு இல்லை

டெசிபல் ஒரு மடக்கை அளவு. 80-ஐவிட 90 கொஞ்சம் அதிகம் என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம்.

1. ஒலி 3 டெசிபல் கூடினால் அதன் ஆற்றல் இரண்டு மடங்காகிறது.
2. 10 டெசிபல் கூடினால் ஆற்றல் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு.
3. ஆனால் 10 டெசிபல் கூடினாலும் நம் மூளை 'ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தம்' என்றுதான் உணர்கிறது.
4. திறந்த வெளியில், ஒலி கிளம்பும் இடத்திலிருந்து தூரம் இரட்டிப்பானால் அளவு சுமார் 6 டெசிபல் குறையும். தூரம் பாதியானால் அதே 6 கூடும்.

மூன்றாவது விஷயம் ஆபத்தானது. காதுக்குப் போய்ச் சேரும் ஆற்றல் பத்து மடங்கு ஏறியிருக்க, 'கொஞ்சம் சத்தம்தான், தாங்கிக்கலாம்' என்று தோன்றுகிறது. உரத்த ஒலியை மதிப்பிடக் காதை நம்ப முடியாது என்பது இதனால்தான்.

அறிக்கைகளில் 'டிபி(ஏ)' என்று போடுவார்கள். எல்லாச் சுருதிகளும் மனிதக் காதுக்கு ஒரே மாதிரி கேட்பதில்லை. கேட்கும் விதத்துக்கு ஏற்பத் திருத்திய அளவுதான் 'ஏ'. 'சி' என்று இருந்தால் அது வேறொரு திருத்தம், பொதுவாக வெடிச்சத்தத்தின் உச்சத்தைச் சொல்லப் பயன்படுவது.

காதுக்குள் எது கெடுகிறது

வெளியிலிருந்து வரும் ஒலி செவிப்பறையை அதிரவைக்கிறது. அந்த அதிர்வை மூன்று சின்னஞ்சிறு எலும்புகள் உள்காதுக்குக் கடத்துகின்றன. அங்கே காக்ளியா என்ற, இரண்டரைச் சுற்றுச் சுருண்ட, திரவம் நிறைந்த குழல் இருக்கிறது. அதற்குள் வரிசை கட்டி நிற்பவை முடிச்செல்கள், அதாவது முடி போன்ற இழைகள் கொண்ட செல்கள். ஒவ்வொன்றின் தலையிலும் கற்றையாக நுண்ணிழைகள். திரவம் அசைய இழைகள் சாய்கின்றன, செல் மின்குறிப்பு எழுப்புகிறது, செவி நரம்பு அதை மூளைக்குக் கொண்டுபோகிறது.

ஒரு காதில் இத்தகைய செல்கள் சுமார் 15,000-தான். அவற்றில் ஏறத்தாழ 3,500 உள்வரிசையில் இருந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மீதமுள்ள சுமார் 12,000 வெளிவரிசைச் செல்கள் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தருகின்றன. கண்ணில் ஒளி உணரும் செல்கள் கோடிக்கணக்கில் இருப்பதோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய கையிருப்பு. செத்த முடிச்செல்லைப் பறவைகள் திரும்ப வளர்த்துக்கொள்கின்றன. மனிதர் உட்பட வளர்ந்த பாலூட்டிகளின் காக்ளியாவில் அது நடப்பதில்லை.

உரத்த ஒலி இந்தச் செல்களை மூன்று விதமாகத் தாக்குகிறது.

1. வெடி, துப்பாக்கி, இரும்பில் சம்மட்டி அடி போன்ற திடீர் ஒலிகள் நுண்ணிழைகளையும் அவை பதிந்திருக்கும் படலத்தையும் கணத்தில் பிய்த்துவிடலாம். காதின் நடுப்பகுதியில் ஒரு சிறு தசை உண்டு. சத்தம் கேட்டதும் அது இறுகி எலும்புகளின் அசைவைக் குறைக்கும். ஆனால் அது இறுகுவதற்குள் வெடிச்சத்தம் உள்ளே போயிருக்கும்.
2. நீண்ட நேரம் தொடரும் உரத்த ஒலியில் செல்கள் ஓய்வின்றி உழைத்து, அவற்றுக்குள் நச்சுத்தன்மையுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் சேர்கின்றன. சத்தம் நின்ற பிறகும் சில நாட்களுக்கு இந்தச் சேதம் தொடரும்.
3. செல் பிழைத்தாலும், அது நரம்போடு சேரும் இணைப்பு அறுந்துபோகலாம்.

கடைசியாகச் சொன்னது அண்மைக்காலக் கண்டுபிடிப்பு. கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தால் காது அடைத்த மாதிரி இருக்கும், 'கொய்ங்' என்று இரையும், மறுநாள் காலையில் சரியாகிவிடும். இதைத் தற்காலிகக் கேட்டல் இழப்பு என்பார்கள். சரியாகிவிட்டால் பாதிப்பில்லை என்றுதான் மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. 2009-இல் ஷரன் குஜாவா, சார்லஸ் லிபர்மேன் ஆகியோர் எலிகளில் செய்த ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. கேட்கும் திறன் முழுதாகத் திரும்பிய எலிகளிலும், காக்ளியாவின் சில பகுதிகளில் நரம்பு இணைப்புகளில் பாதி வரை நிரந்தரமாகப் போயிருந்தன. மனிதரில் இதன் பங்கு எவ்வளவு என்ற ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது. எப்படிப் பார்த்தாலும், 'மறுநாள் சரியாயிடுச்சு' என்பதைச் சான்றிதழாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஏன் தெரியாமலே போகிறது

ஒலியால் வரும் கேட்டல் இழப்புக்கு ஓர் அடையாளம் உண்டு. அது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையான உயர்ந்த சுருதிகளில், பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டித் தொடங்கும். காதுத் துவாரத்தின் அளவே சுமார் 3,000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பெருக்கி அனுப்புவது இதற்கு முக்கியக் காரணம். அந்தச் சுருதிக்குச் சற்று மேலே உள்ள செல்கள்தான் அதிகம் அடி வாங்குகின்றன.

கேட்டல் பரிசோதனையின் வரைபடமான ஆடியோகிராமில் இது பளிச்சென்று தெரியும். தாழ்ந்த சுருதிகளில் கோடு சீராகப் போய், 4,000-இல் பள்ளமாக இறங்கி, 8,000-இல் மீண்டும் ஏறும். வயதினால் வரும் இழப்பில் கோடு கடைசிவரை இறங்கிக்கொண்டே போகும். வயதாகிவிட்டால் இரண்டும் கலந்து பள்ளம் மங்கிவிடுவதால், ஐம்பதைத் தாண்டியபின் எடுக்கும் முதல் ஆடியோகிராமை வைத்துக் காரணம் சொல்வது கடினம்.

பாதிக்கப்பட்டவருக்கு இது எப்படித் தெரியும்? பெரும்பாலும் தெரியாது. பேச்சில் உயிரொலிகளின் பலம் தாழ்ந்த சுருதிகளில் இருக்கிறது, அது நன்றாகவே கேட்கும். கட்டு, தட்டு, பட்டு, சட்டை, கட்டை என்று ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்துக் காட்டும் வல்லின ஒலிகளின் நுணுக்கம் பெரும்பாலும் உயர்ந்த சுருதிகளில் இருக்கிறது. அதனால் பேசுவது கேட்கும், என்ன சொன்னார்கள் என்பது பிடிபடாது. அமைதியான அறையில் ஒருவரோடு பேசும்போது சமாளித்துவிடலாம். டீக்கடையில், பேருந்தில், நாலு பேர் சேர்ந்து பேசும் பந்தியில் தடுமாறும். குழந்தைகள், பெண்களின் குரல் முதலில் நழுவும். 'கேக்குது, ஆனா புரியல', 'இந்தக் காலத்துப் பசங்க வாய்க்குள்ளேயே பேசுறாங்க' என்ற இரண்டு வாக்கியங்களும் காது டாக்டர்களுக்கு நன்கு பழக்கமானவை. டிவி சத்தம் கூடிக்கொண்டே போவதை வீட்டில் உள்ளவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள்.

இன்னொன்று: தொடர்ந்து சத்தத்தில் வேலை செய்பவருக்கு இழப்பின் பெரும்பகுதி முதல் பத்து, பதினைந்து ஆண்டுகளில் நடந்துவிடுகிறது. இருபது வயதில் பட்டறையில் சேர்ந்தவருக்கு முப்பத்தைந்திலேயே பெரும்பாலான சேதம் முடிந்திருக்கும். ஆனால் 'காது மந்தம்' என்று அவர் டாக்டரிடம் போவது ஐம்பதுக்கு மேல்.

அளவு மட்டுமில்லை, நேரமும்

காதைப் பொறுத்தவரை முக்கியமானது மொத்தமாகச் சேரும் ஒலியாற்றல். அதாவது எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம் என்ற இரண்டும் சேர்ந்த கணக்கு. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பது: 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. ஆற்றல் இரண்டு மடங்கானால் நேரம் பாதியாக வேண்டும் என்பது இயற்பியலோடு ஒத்துப்போகும் கணக்கு.

இந்தியத் தொழிற்சாலை விதிகள் பின்பற்றுவது வேறு. 90 டெசிபலில் 8 மணி நேரம், ஒவ்வொரு 5 டெசிபலுக்கும் நேரம் பாதி. அரை நூற்றாண்டுக்கு முன் அமெரிக்காவில் சட்டமான கணக்கும் இதுதான், அங்கேயும் சட்டம் இன்னும் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1. 90 டெசிபல்: நம் விதிப்படி 8 மணி நேரம். நியோஷ் கணக்கில் சுமார் இரண்டரை மணி நேரம்.
2. 95 டெசிபல்: 4 மணி நேரம். அங்கே 47 நிமிடம்.
3. 100 டெசிபல்: 2 மணி நேரம். அங்கே 15 நிமிடம்.
4. 105 டெசிபல்: 1 மணி நேரம். அங்கே 5 நிமிடத்துக்கும் குறைவு.

நூறு டெசிபலில் வித்தியாசம் எட்டு மடங்கு. இது ஏதோ நிபுணர்களுக்கிடையே உள்ள சிறு கருத்து வேறுபாடு என்று கடந்துபோக முடியாது. 40 ஆண்டுப் பணிக்காலத்தில் 85 டெசிபலில் வேலை செய்வோரில் கூடுதலாக நூற்றுக்கு 8 பேருக்கும், 90 டெசிபலில் 25 பேருக்கும் குறிப்பிடத்தக்க கேட்டல் இழப்பு வரும் என்று நியோஷ் 1998-இல் மதிப்பிட்டது. நம் விதியை எள்ளளவும் மீறாத ஒரு தொழிற்சாலையில் நான்கில் ஒருவர் காதை இழக்கலாம் என்பதுதான் இதன் பொருள்.

மூன்று எண்கள், மூன்று வேலைகள்

இனி முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம்.

1. 55: தூக்கத்துக்கும் நிம்மதிக்கும்

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் நகரத்தை நான்காகப் பிரிக்கின்றன. பகலிலும் இரவிலும் அனுமதிக்கும் அளவுகள் முறையே: தொழிற்பகுதி 75, 70, வணிகப் பகுதி 65, 55, குடியிருப்பு 55, 45, மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் 50, 40. பகல் என்பது காலை 6 முதல் இரவு 10 வரை. இவை சராசரி அளவுகள்.

இந்த அளவுகள் காதைக் காப்பாற்ற வைத்தவை இல்லை. நாள் முழுதும் சராசரி 70 டெசிபலுக்குள் இருந்தால் வாழ்நாள் முழுக்கக் கேட்டாலும் காது கெடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 1999 வழிகாட்டுதல். சென்னையில் தி. நகர், கிண்டி, பெரம்பூர், திருவல்லிக்கேணி, எழும்பூர் கண் மருத்துவமனை போன்ற இடங்களில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒலி கண்காணிப்பு நிலையங்கள் 2011 முதல் இயங்குகின்றன. அங்கே பதிவாகும் அளவு வரம்பைத் தாண்டினால் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், நீண்டகாலத்தில் ரத்த அழுத்தமும் இதய நோய் அபாயமும் கூடும். இவை சின்ன விஷயங்கள் இல்லை. ஆனால் சாலையோர வீட்டில் குடியிருப்பதாலேயே காது கேட்காமல் போய்விடும் என்று சொல்ல முடியாது.

2. 90: காதுக்காக வைத்தது, ஆனால் பழையது

இதைத்தான் மேலே பார்த்தோம்.

3. 125: பட்டாசு எப்படித் தயாரிக்கப்பட வேண்டும் என்பதற்கு

வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபல் (ஏஐ: திடீர் ஒலியை 'ஏ' திருத்தத்தோடு அளப்பது) அல்லது உச்சம் 145 டெசிபல் (சி) தாண்டும் பட்டாசைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்பது 1999-ஆம் ஆண்டின் விதி. இது சோதனைக்களத்தில் பொருளைத் தேர்வு செய்யும் அளவு. தெருவில் நிற்பவரின் காதுக்கு வைத்த வரம்பு என்று இதைப் படித்தால் தவறு.

சென்னையின் எந்தத் தெருவில் 4 மீட்டர் தள்ளி நின்று வெடிக்கிறார்கள்? 2 மீட்டரில் நின்றால் 6 டெசிபல் கூடுகிறது. விதிக்கு உட்பட்ட பட்டாசே 151-ஐத் தொடலாம், ஒரு மீட்டரில் 157. திடீர் ஒலியின் உச்சம் பெரியவர்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120 தாண்டக் கூடாது என்கிறது அதே 1999 வழிகாட்டுதல். இருபுறமும் அடுக்குமாடிச் சுவர்கள் நிற்கும் சந்தில் எதிரொலியும் சேர்ந்துகொள்ளும். சரவெடிக்கு 2018-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது காற்று மாசு, ஒலி, குப்பை மூன்றையும் முன்னிட்டு. காதுக்கும் அது நல்லதுதான். ஒற்றை வெடியின் ஆபத்து அப்படியே இருக்கிறது.

சராசரி மறைப்பது

தீபாவளிச் செய்தியில் 'எழுபது சொச்சம்' என்று வருவதைப் பார்த்துச் சிலர் நிம்மதி அடைகிறார்கள்: அண்ணா சாலையே அவ்வளவு இருக்குமே! அது பல மணி நேரச் சராசரி என்பதை மறந்துவிடுகிறோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மணி நேரம் முழு மௌனம், நடுவில் ஒரே ஒரு வெடி, 120 டெசிபலில் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம். அந்த ஒரு மணி நேரத்தின் சராசரி சுமார் 74 டெசிபல். கருவி காட்டிய 74-க்குப் பின்னால் சீரான போக்குவரத்து இரைச்சலும் இருக்கலாம், ஒரு குழந்தையின் காதருகே வெடித்த வெடியும் இருக்கலாம். ஆண்டுச் சராசரி மழையை மட்டும் சொன்னால் 2015 டிசம்பர் முதல் தேதி சென்னைக்கு என்ன நேர்ந்தது என்று யாருக்குத் தெரியும்?

அதனால் வாரியத்தின் எண் ஊரின் இரைச்சலைச் சொல்கிறது. யாருடைய காதுக்கு என்ன ஆனது என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது.

சென்னையில் யாருடைய காது

ஆடி மாதத்து அம்மன் கோயில் ஒலிபெருக்கி, கட்சிக் கூட்டம், நள்ளிரவு ஊர்வலம் ஆகியவை செய்தியாகின்றன, வழக்காகின்றன. புகார் செய்யப் படித்தவர்களும் நேரமுள்ளவர்களும் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்தச் சத்தம் நியாயமான தொந்தரவுதான். காது உண்மையில் கெடுவதோ வேறு இடங்களில், பெரும்பாலும் புகார் செய்ய யாரும் இல்லாத இடங்களில்.

முதலாவது, சிறு பட்டறைகள். அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைகளின் உள்சாலைகளில் நடந்தால் ஆங்கிள் கிரைண்டர், பவர் பிரஸ், ஷீட் மெட்டல் அடிக்கும் சத்தம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்துத் தகடு வெட்டும் கடைகளும் அப்படியே. கிரைண்டரும் கட்டிங் வீலும் இரும்பில் படும்போது 95, 100 டெசிபலை எளிதில் தொடும். சம்மட்டி அடி போன்ற விட்டுவிட்டு வரும் இடிச்சத்தம், ஒரே சராசரி கொண்ட தொடர் இரைச்சலைவிட அதிகம் கெடுக்கிறது என்பதற்கும் ஆய்வுச் சான்றுகள் இருக்கின்றன.

இங்கே சட்டம் எட்டுகிறதா? 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஒலியால் வரும் கேட்டல் இழப்பை அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பதிலாக இயற்றப்பட்ட 2020 தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பிலும் அது இருக்கிறது. ஆனால் பழைய சட்டம் பொருந்தியது மின்சாரத்தில் இயங்கும், 10 பேருக்குக் குறையாத இடங்களுக்கு. புதிய தொகுப்பு அதை 20 பேர் என்று உயர்த்திவிட்டது. ஆறு பேர் வேலை செய்யும் பட்டறை இரண்டிலும் 'தொழிற்சாலை' ஆகாது. அதிகச் சத்தமும் குறைந்த பாதுகாப்பும் உள்ள இடம் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. என் பார்வையில் இந்தப் பிரச்சினையின் பெரிய ஓட்டை இதுதான். 90-ஐ 85 ஆக்கினாலும் இந்த ஓட்டை அடைபடாது.

இரண்டாவது, சாலையே வேலையிடமாக உள்ளவர்கள். போக்குவரத்துக் காவலர், ஆட்டோ ஓட்டுநர், என்ஜின் பக்கத்திலேயே உட்காரும் பழைய பேருந்து ஓட்டுநர். சாலையோரம் குடியிருப்பவருக்குக் கிடைக்கும் சுவரும் தூரமும் இவர்களுக்கு இல்லை. இந்திய நகரங்கள் பலவற்றில் போக்குவரத்துக் காவலர்களைச் சோதித்தபோது 4,000 ஹெர்ட்ஸ் பள்ளம் மீண்டும் மீண்டும் தென்பட்டிருக்கிறது. ஏர் ஹாரனும் பல சுரத்தில் அலறும் ஹாரனும் சட்டப்படி கூடாது. தேவையில்லாமல் ஹாரன் அடித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194எஃப் பிரிவில் முதல் முறை 1,000 ரூபாய், அடுத்து 2,000 ரூபாய் அபராதம். அந்த ரசீதை வாங்கிய யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?

மூன்றாவது, இசையையே தொழிலாகக் கொண்டவர்கள். தவில், பறை, பேண்டு, மெல்லிசைக் குழு, டிஜே, மேடை ஒலியமைப்பாளர். கேட்பவருக்கு ஒரு மாலை, வாசிப்பவருக்கு முகூர்த்த மாதம் முழுக்க. தவிலுக்கும் அதை வாசிப்பவரின் காதுக்கும் இடையே இருப்பது ஒரு கை நீளத் தூரம். ஒலிபெருக்கியில் இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களுக்கென உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட தரம், எந்த 15 நிமிடத்திலும் சராசரி 100 டெசிபலைத் தாண்டாதே என்கிறது. நம் மண்டபங்களில் அளப்பவரே இல்லை.

நான்காவது, இயர்போன். செல்போனில் முழு ஒலியில் பல இயர்போன்கள் 100 டெசிபலை எட்டும். புறநகர் ரயிலிலும் பேருந்திலும் வெளிச்சத்தம் 80-ஐ ஒட்டி இருப்பதால், பாட்டு கேட்க வேண்டுமென்றால் அதற்கு மேலே ஏற்றித்தான் ஆக வேண்டும். தாம்பரத்திலிருந்து கடற்கரை வரை தினமும் இப்படியே போய்வந்தால் வாரக் கணக்கு எளிதாகத் தாண்டிவிடும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75-இல் 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 12 முதல் 35 வயது வரை நூறு கோடிக்கும் மேற்பட்டோர் இந்தப் பழக்கத்தால் அபாயத்தில் இருக்கிறார்கள் என்றும் அது சொல்கிறது. ரயிலில் கேட்பவருக்கு, வெளி இரைச்சலைத் தடுக்கும் ஹெட்போன் ஆடம்பரம் இல்லை. ஒலியைக் குறைத்து வைக்க அது உதவுகிறது.

கெட்ட பிறகு என்ன செய்யலாம்

செத்த முடிச்செல்லைத் திரும்ப வளர்க்கும் மருந்து இன்றுவரை கிடையாது. 'காது நரம்புக்குச் சத்து' என்று விற்கும் மாத்திரைகளுக்கும் அந்தச் சக்தி இல்லை. ஒரே ஒரு நிலையில் மட்டும் அவசரம் உண்டு. வெடிச்சத்தத்துக்குப் பிறகோ காரணமே தெரியாமலோ ஒரு காது சட்டென்று கேட்காமல் போனால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களில் தொடங்கினால்தான் பலன் தரும் வாய்ப்பு அதிகம், இரண்டு வாரத்துக்குப் பிறகு அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. 'அழுக்கு அடைச்சிருக்கும்' என்று எண்ணெய் விட்டுக் காத்திருப்பதில் இந்த நேரம்தான் போகிறது.

நிலைத்துவிட்ட இழப்புக்குக் காது கேட்கும் கருவி உதவும். ஆனால் அது ஒலியைக் கூட்டுமே தவிர, போன தெளிவை முழுதாகத் தராது. விடாத காதிரைச்சலுக்கு ஆலோசனையும் பழக்கப் பயிற்சியும் ஓரளவு நிம்மதி தரும். கேட்டல் இழப்பைக் கவனிக்காமல் விடுவது முதுமையில் மறதி நோயோடு தொடர்புடையது என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2017 முதல் தன் அறிக்கைகளில் சொல்லிவருகிறது. காது கெட்டவர் சமாளித்துக்கொள்வார் என்று விட்டுவிடுவதற்கில்லை.

அரசுச் சான்றிதழ் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, பேச்சுச் சுருதிகளில் இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபல் இழப்பு இருந்தால்தான் 'கேட்டல் குறைவு'. இயந்திரச் சத்தத்தால் கெட்ட காதில் தாழ்ந்த சுருதிகள் தப்பித்திருப்பதால் சராசரி அந்த எல்லையை எட்டாது. பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது புரியாத மனிதர் காகிதத்தில் குறையில்லாதவராக இருப்பார். தொழிலாளிக்கு வேறு வழி ஒன்று உண்டு. 1923 இழப்பீட்டுச் சட்டத்திலும் இஎஸ்ஐ சட்டத்திலும் தொழில்சார் நோய்ப் பட்டியலில் 'ஒலியால் கேட்டல் குறைபாடு' இருந்தது, 2025 நவம்பரில் அவற்றுக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. இழப்பீடு பெற அந்த வேலையில் தொடர்ந்து ஆறு மாதமாவது இருந்திருக்க வேண்டும். ஆனால் நிரூபிக்கச் சேரும்போது எடுத்த ஆடியோகிராம் ஒன்று வேண்டும். அது இல்லாமல்தான் பல கோரிக்கைகள் 'வயசாயிடுச்சு' என்ற பதிலோடு நின்றுவிடுகின்றன.

நடைமுறையில்

1. சத்தமுள்ள வேலையில் சேரும்போதே ஆடியோகிராம் எடுத்து, பிரதி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு ஆண்டுக்கொரு முறை. சென்னையில் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் ஆகியவற்றில் காது மூக்கு தொண்டைப் பிரிவு உண்டு. பரிசோதனைக்கு முந்தைய 14 மணி நேரமாவது சத்தத்தில் இருக்கக் கூடாது. ஷிஃப்ட் முடித்து நேரே போனால் தற்காலிக இழப்பும் சேர்ந்து கணக்கைக் குழப்பும்.

2. பஞ்சு வைப்பதால் பயன் மிகக் குறைவு. நுரை இயர் பிளக்கை விரலால் மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே விட்டு, விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பெட்டியில் அச்சிட்ட பாதுகாப்பில் பாதிகூடக் கிடைக்காது.

3. நேரம் முழுக்கப் போட வேண்டும். 30 டெசிபல் குறைக்கும் அருமையான இயர் மஃபை (காதை முழுக்க மூடும் கவசம்) ஒருவர் எட்டு மணி நேரத்தில் அரை மணி மட்டும் கழற்றி வைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளுக்குக் கிடைத்த மொத்தப் பாதுகாப்பு 12 டெசிபல்தான். பழைய மடக்கைக் கணக்கின் வேலை இது. அதனால் சென்னை வெயிலில் எட்டு மணி நேரம் தாங்கக்கூடிய இலகுவான பிளக், நாலு மணி நேரத்தில் கழற்றத் தோன்றும் கனத்த மஃபைவிட நல்லது.

4. ஒரு கை எட்டும் தூரத்தில் நிற்பவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் பெரும்பாலும் 85-ஐத் தாண்டிவிட்டது. கருவி இல்லாத இடத்தில் இது ஓரளவு நம்பக்கூடிய சோதனை. செல்போன் செயலிகள் சில டெசிபல் முன்பின் காட்டினாலும் 75-க்கும் 95-க்கும் வித்தியாசம் சொல்லிவிடும்.

5. ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து, பெயின்ட் தின்னரில் உள்ள டொலுயீன் ஆகியவையும் முடிச்செல்லைத் தாக்குபவை. சத்தத்தோடு சேர்ந்தால் சேதம் கூடலாம். பெயின்டிங் பூத் பக்கத்தில் கிரைண்டிங் வைத்திருக்கும் பட்டறைகள் இதைக் கவனிக்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது 'சத்தத்துல வேலை' என்று சொல்லிவிடுவது நல்லது.

6. ஒலிபெருக்கிக்கு எழுத்துமூல அனுமதி தேவை. இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் கூடாது. பண்டிகைகளுக்கு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். வரம்பை 10 டெசிபல் மீறினால் புகார் கொடுக்க விதியிலேயே இடம் உண்டு. நள்ளிரவில் உதவிக்கு 112. புகாரில் இடம், நேரம், எவ்வளவு நேரமாக நடக்கிறது என்பதை எழுதினால் போதும். டெசிபலை அளந்து சொல்ல வேண்டிய பொறுப்பு புகார் கொடுப்பவருடையது இல்லை.